மீண்டு வந்த சதுரங்கம்

பாரத நாட்டிலிருந்து பாரசீகம் சென்ற சதுரங்க ஆட்டம் அங்கே ‘ஷத்ரஞ்ச்’ என்னும் பெயர் பெற்றது. அப்பெயரைத் தாங்கி, 1976-ஆம் ஆண்டில் ஈரானில் ஒரு திரைப்படம் தோன்றியது. ‘ஷத்ரஞ்செ பாத்’, அதாவது ‘காற்றின் சதுரங்கம்’ என்பது அதன் பெயர். பிறந்த மண்ணிலேயே இகழப்பட்டு, ஏறத்தாழ நாற்பதாண்டுகள் மறைந்து கிடந்து, பின்னர் உலகோரால் போற்றப்பட்ட அப்படத்தின் வரலாறு நம் சிந்தனைக்குரியதாகும்.

அதனை அறியுமுன் சற்றே பின்னோக்கிச் செல்லல் வேண்டும். 1969-இல் தாரியூஷ் மெஹ்ர்ஜூயி என்னும் இயக்குநர் ‘காவ்’ என்ற படத்தை உருவாக்கினார். பாரசீகத்தில் அச்சொல்லுக்குப் பசு என்பது பொருள். குலாம் ஹுசைன் ஸாஇதி எழுதிய கதை அது. ஊரிலுள்ள ஒரே பசுவை உயிரினும் மேலாகப் பேணி வருகிறான் ஹஸன். அவன் வெளியூர் சென்றிருந்த வேளையில் பசு இறந்துவிடுகிறது. ஊரார் அதனைப் புதைத்துவிட்டு, ஓடிப்போய்விட்டதென அவனிடம் பொய்யுரைக்கின்றனர். துயரம் தாளாத ஹஸன், நாளடைவில் தானே அப்பசு என்று நம்பத் தொடங்குகிறான்!

அரசின் பொருளுதவியால் எடுக்கப்பட்ட அப்படத்தை, நாட்டின் வறுமையை வெளிக்காட்டுகிறதென்று கருதி ஷாவின் அரசே முடக்கி வைத்தது. எனினும் 1971-இல் அது மறைவாக நாட்டைக் கடந்து, இத்தாலியின் வெனிஸ் நகரத் திரைப்பட விழாவை அடைந்தது. மொழிபெயர்ப்பு வரிகள் எவையுமின்றித் திரையிடப்பட்டும், விமரிசகர்கள் வழங்கும் பரிசை வென்றது. பாரசீகம் அறியாதாரும் ஹஸனின் துயரை அறிந்துகொண்டனர் போலும்!

‘பசு’வுக்கு அயல்நாட்டு விழாவொன்று கதவு திறந்தது. ‘சதுரங்க’த்துக்கோ சொந்த நாட்டு விழாவே கதவடைத்தது. முஹம்மத் ரிஸா அஸ்லானி இயக்கிய அப்படத்தின் கதை, காஜார் மரபின் இறுதிக் காலத்துச் செல்வர் மாளிகை ஒன்றினுள் நிகழ்கிறது. வீட்டுத் தலைவி மறைந்ததும், நடக்கவியலாத அவள் மகளும், மாற்றாந் தந்தையும், பணிப்பெண்ணும் பிறரும் சொத்தை முன்னிட்டு ஒருவருக்கெதிராக ஒருவர் காய் நகர்த்துகின்றனர். மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும் சிந்தும் மங்கிய ஒளியிலேயே பல காட்சிகள் அமைந்துள்ளன. துணி வெளுக்கும் பெண்கள் முற்றத்தில் அமர்ந்து, உள்ளே நடப்பனவற்றைத் தமக்குள் பேசிக்கொள்கின்றனர். விரைந்தோடும் கதைகளுக்குப் பழகியோருக்கு இஃதொரு விந்தையாகவே தோன்றியிருக்கும்.

1976-இல் தெஹ்ரான் அனைத்துலகத் திரைப்பட விழாவில் அது காட்டப்பட்டபோது, திரையிடலே சீர்கெட்டுப் போயிற்று. சுருள்கள் வரிசை மாறி ஓட்டப்பட்டன என்றும் கூறுவர். விமரிசகர்கள் தூற்றினர், திரையரங்குகள் கைவிட்டன. 1979-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர் தடையும் வந்தது. மூலச்சுருள்கள் எங்கே போயின என்பதே தெரியாதாயிற்று.

2014-இல் இயக்குநரின் மகன் தெஹ்ரானிலுள்ள பழம்பொருட் கடையொன்றில் அச்சுருள்களைக் கண்டெடுத்தார்! அவை பாரிஸுக்கு அனுப்பப்பட்டன. மார்ட்டின் ஸ்கார்செஸி நிறுவிய திரைப்பட அறக்கட்டளையும் பொலோன்யா நகரத் திரைப்படக் காப்பகமும் இணைந்து 2020-இல் அவற்றைச் செப்பனிட்டன. அன்று எள்ளப்பட்ட மங்கிய ஒளியே இன்று அதன் பேரழகெனப் பாராட்டப்படுகிறது. இளமையில் ஆக்கிய படத்துக்குரிய புகழை அஸ்லானி தம் முதுமையில் கண்டார்.

இத்தகைய பயணங்கள் பழங்கதையாகிவிடவில்லை. ஜஃபர் பனாஹிக்கு 2010-இல் சிறைத் தண்டனையும், இருபதாண்டுகள் படமெடுக்கலாகாதென்ற தடையும் விதிக்கப்பட்டன. அவர் தம் வீட்டுக்குள்ளிருந்தே, ‘இது திரைப்படமன்று’ என்னும் பெயரில் ஒரு படத்தை ஆக்கினார். சிறு மின்னணு நினைவகத்தில் பதிந்து, கேக்கினுள் மறைத்து அனுப்பப்பட்ட அது, 2011-இல் பிரான்ஸின் கான் விழாவில் காட்டப்பட்டது. அதே விழாவில் 2025-இல் பனாஹி முதற்பரிசான தங்கப்பனையை வென்றார்.

முதல் நாள் பார்த்தோரின் தீர்ப்பே முடிந்த தீர்ப்பன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. தீர்ப்பு திருத்தப்பட வேண்டுமாயின், சுருள் அழியாமல் இருத்தல் வேண்டும். அக்கடையில் அதனை எவரேனும் குப்பையென எறிந்திருந்தால், அஸ்லானியைத் தூற்றியவர்கள் சொன்னதே வரலாறாக நிலைத்திருக்கும். புரியாத கலையைப் புகழ வேண்டுமென்பதில்லை. பின்வருவோர் காணும்வரை அதனைப் பேணிக் காத்தால் போதும்.