நூலகத்தில் விளக்கெரிந்த மாலைகள்

நூலகம் என்றவுடன் நூல்களை நினைப்பது உலக வழக்கு. நம் தலைமுறையினர்க்கோ முதலில் நினைவுக்கு வருவது அதன் வாயிற்படி. நாம் பள்ளியிற் பயின்ற நாளில், பக்கத்து ஊர்ப் படிப்பகம் ஒன்றில் நாளிதழ் விரித்த மேசையருகே நம் தெருப் பிள்ளைகள் அமர இயலாது. சன்னலுக்கு வெளியே நின்று தலைப்பெழுத்துகளை மட்டும் படித்துத் திரும்புவோம். தீண்டாமையைச் சட்டம் ஒழித்துப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் அப்பலகையில் நமக்கு இடம் பிறக்கவில்லை. இந்நினைவே, கடல்கடந்த ஒரு கல்லூரி நூலகத்தின் வரலாற்றை நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் எழுதத் தூண்டிற்று.

அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகர் அட்லாண்டா. அந்நகரில் கார்னெகியின் நன்கொடையால் எழுந்த பொது நூலகம் 1902ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கறுப்பின மக்கள் அதனுள் நுழையலாகாது. அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் அப்போது பேராசிரியராயிருந்த டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ், தம்மவர் சிலரை உடன் அழைத்துக்கொண்டு நூலக அறங்காவலரைக் கண்டு முறையிட்டார். முறையீடு பலிக்கவில்லை. கறுப்பின மக்களுக்கெனத் தனிக் கிளையொன்று தோன்றவே 1921ஆம் ஆண்டு ஆயிற்று.

டுபாய்ஸ் 1910இல் நியூயார்க் நகரம் சென்றார். அந்நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில்தான் 1913 முதல் 1916 வரை அண்ணல் அம்பேத்கர் பயின்றார். அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருப்பது ஹார்லெம். அண்ணல் நாடு திரும்பிய சில ஆண்டுகளில் அங்கே ஒரு புதுமை நிகழ்ந்தது. ஹார்லெமின் 135ஆம் தெருக் கிளை நூலகத்திற்கு 1920இல் தலைமை ஏற்ற எர்னஸ்டைன் ரோஸ் என்னும் வெள்ளை இனப் பெண்மணி, நூல் வழங்குவதோடு நூலகத்தின் பணி முடிவதில்லை என்று கருதினார். சொற்பொழிவு, கவிதை வாசிப்பு, ஓவியக் காட்சி எனப் பலவும் அங்கே நடைபெறலாயின. 1926இல் டுபாய்ஸ் நிறுவிய நாடகக் குழு அந்நூலகத்தின் நிலவறையிலேயே மேடை அமைத்தது. நம்மவர் நாடகம் நம்மைப் பற்றியதாய், நம்மவர் எழுதியதாய், நம்மவர்க்கு உரியதாய், நம் வீட்டிற்கு அருகில் நடப்பதாய் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. முதல் மூன்றைப் பலரும் சொல்லக்கூடும். நான்காவதைச் சொன்னதில்தான் அவருடைய பட்டறிவு தெரிகிறது. வேலை முடிந்து களைத்து வருபவன் எத்தனைக் கல் நடப்பான்?

அதே ஆண்டில் ஆர்தர் ஷோம்பர்க் என்பவரின் நூற்றொகுதி 10,000 டாலர் விலைக்கு வாங்கப்பெற்று அந்நூலகத்திற்கு வந்து சேர்ந்தது. ஷோம்பர்க் பட்டம் பெற்றவர் அல்லர். வங்கியொன்றின் அஞ்சற் பிரிவில் ஊழியம் செய்தவர். உங்கள் இனத்திற்கு வரலாறே இல்லை என்று அவருடைய இளமையில் ஓர் ஆசிரியர் சொன்னதாகவும், அதற்கு விடையாகவே வாழ்நாளெல்லாம் நூல் சேர்த்ததாகவும் கூறுவர். ஆசிரியத் தொழில் புரியும் நம்மை இச்செய்தி சுடுகிறது. இவரே 1931–32இல் நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழக நூலகத்திற்குச் சென்று, அங்கும் அத்தகைய தொகுதிக்கு அடித்தளம் இட்டார்.

இனி அட்லாண்டாவிற்குத் திரும்புவோம். அங்குள்ள கறுப்பினக் கல்லூரிகளுக்குப் பொதுவாக டிரெவர் ஆர்னெட் நூலகம் 1932இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில், பாரிசில் ஓவியம் பயின்று திரும்பிய ஹேல் உட்ரஃப் ஆசிரியராக வந்து சேர்ந்திருந்தார். அவரும் அவருடைய மாணவரும் ஜார்ஜியாவின் செம்மண் நிலத்தையும் ஏழையர் குடிசைகளையும் அவற்றின் பின்புறக் கழிப்பறைகளையும் விடாது வரைந்தமையால், ‘கழிப்பறைப் பள்ளி’ என்றே அவர்களுக்குப் பட்டப்பெயர் வழங்கிற்று. தம் தெருவை உள்ளபடி வரைந்தவர்க்கு உலகம் சூட்டும் பெயர் எங்கும் இப்படித்தான் போலும்.

உட்ரஃபின் புகழை நிலைநாட்டியதும் ஒரு நூலகமே. அலபாமா மாநிலத்து டல்லடீகா கல்லூரியில் 1939இல் திறக்கப்பெற்ற சேவரி நூலகத்தின் சுவர்களுக்கு, ‘அமிஸ்டாட்’ கப்பலில் அடிமைகள் 1839இல் செய்த கிளர்ச்சியை அவர் ஓவியமாகத் தீட்டினார். அக்கிளர்ச்சிக்கு அது நூறாவது ஆண்டு. வில்லியம் சேவரி என்பவர் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற தச்சர். அக்கல்லூரி தோன்றக் காரணமானவருள் ஒருவர். அக்கல்லூரியின் முதற் கட்டடம், வெள்ளையர் பிள்ளைகளின் பள்ளிக்கென அடிமைகள் உழைத்து எழுப்பியது. பின்னர் 1867இல் விடுதலை பெற்றோரின் பிள்ளைகளுக்காக விலைக்கு வாங்கப்பட்டது. கட்டியவர் கையாலேயே கதவு திறந்தது எனலாம்.

அட்லாண்டா நூலகத்தில் 1942ஆம் ஆண்டு உட்ரஃப் ஒரு கண்காட்சியைத் தொடங்கினார். நாடெங்குமுள்ள கறுப்பின ஓவியரும் சிற்பியரும் தம் படைப்புகளை அனுப்பினர். பரிசு பெற்ற படைப்புகளைப் பல்கலைக்கழகமே விலைக்கு வாங்கிக்கொண்டது. ஆகவே ஓவியர்க்குப் பணமும் நூலகத்திற்குச் செல்வமும் ஒருங்கே சேர்ந்தன. சார்லஸ் ஒயிட், எலிசபெத் கேட்லெட் முதலியோர் இங்குப் பங்கேற்றவரே. மாணவரும் ஊர்மக்களும் அச்சுப்படத்தை அன்றி மூல ஓவியத்தையே நேரிற் காணவேண்டும் என்பது உட்ரஃபின் விருப்பம். அவர் 1946இல் நியூயார்க் சென்ற பின்னும் கண்காட்சி நிற்கவில்லை. 1970 வரை 29 ஆண்டுகள் நடைபெற்றது. 1951இல் அந்நூலகத்திற்கென அவர் நிறைவு செய்த ஆறு ஓவியங்கள் ஆப்பிரிக்கக் கலையின் வரலாற்றைக் கூறுவன. அவற்றுள் ஒன்று பெனின் நகரம் தீக்கிரையாகி அதன் கலைச்செல்வம் கொள்ளை போனதைக் காட்டுகிறது.

கறுப்பினத்தவர்க்கு மட்டும் தனிக் கண்காட்சி ஏன், இதுவும் ஒருவகை ஒதுக்கல் அன்றோ என்று கேட்ட கலைஞரும் உண்டு. அது நேர்மையான கேள்வி. நம் தனிச் சங்கங்களை நோக்கியும் கேட்கப்படுவது. பொதுவாயில் மூடியிருந்தவரை அவர்க்கு வேறு கூடம் இல்லை என்பதே நமது கருத்து. நம் கருத்துக்கு அட்லாண்டா பொது நூலகமே சான்று. 1950களின் இறுதியில் ஸ்பெல்மன் மகளிர் கல்லூரி மாணவியர் அங்கே சென்று, ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதிய விடுதலை பற்றிய நூலைக் கேட்டனர். உங்கள் கிளைக்கு அனுப்பிவைப்போம் என்பதே அவர்களுக்குக் கிடைத்த விடை. வழக்குத் தொடரவும் ஆயத்தமாயினர். அதன் பின்னரே, 1959 மே மாதத்தில் அக்கதவு திறந்தது. ஸ்பெல்மனின் பிரெஞ்சு மொழிப் பேராசிரியை ஐரீன் டாப்ஸ் ஜாக்சன் உறுப்பினர் அட்டையைப் பெற்றார். 1902இல் டுபாய்ஸ் கேட்டது கிடைக்க 57 ஆண்டுகள் சென்றன.

அந்த டுபாய்சுக்கு அண்ணல் அம்பேத்கர் 1946இல் ஒரு மடல் எழுதினார். கறுப்பின மக்களின் நிலையைத் தாம் ஆராய்ந்து வந்திருப்பதாகவும், ஐக்கிய நாடுகள் அவைக்கு அவர்கள் அளித்த விண்ணப்பத்தின் படிகள் வேண்டுமென்றும் கேட்டிருந்தார். டுபாய்ஸ் அன்புடன் மறுமொழி விடுத்தார். அதே ஆண்டு ஜூன் திங்களில்தான் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கப்பெற்றது. அண்ணல் அரிதிற் சேர்த்த நூல்களுள் பெரும்பகுதி பின்னாளில் அக்கல்லூரி நூலகத்தை அடைந்தது.

டிரெவர் ஆர்னெட் நூலகக் கட்டடம் இன்று கிளார்க் அட்லாண்டா பல்கலைக்கழகத்தின் கலைக்கூடமாக விளங்குகிறது. அன்று பரிசளித்து வாங்கிய ஓவியங்கள் அங்கேயே உள்ளன.

நம் சங்கப் படிப்பகத்திலும் ஒரு கூடம் உண்டு. தொடக்க ஆண்டுகளில் சனிக்கிழமைதோறும் அங்கே சொற்பொழிவு நடந்தது. தெருப் பெரியவர்கள் பறை முழக்கக் கேட்டு மகிழ்ந்ததும் உண்டு. கடந்த மூன்று ஆண்டுகளாக மாலையில் அங்கு விளக்கு எரிவதில்லை. திறவுகோல் செயலாளர் வீட்டில் ஆணியில் தொங்குகிறது. கேட்டோம், தருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் சனிக்கிழமை யார் பேசுவது என்பதை மட்டும் இளைஞர்கள் இம்மாத இறுதிக்குள் முடிவு செய்து நமக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம்.