பாரதி பாடலும் நியாயமான கையாளலும்: தீர்ப்பை எட்டாத ஒரு வழக்கு

1961இல் பி. ஆர். பந்துலு இயக்கி வெளியிட்ட ‘கப்பலோட்டிய தமிழன்’ தூத்துக்குடித் துறைமுகத்தின் கதை. சுதேசிக் கப்பல் நிறுவனம், கோரல் ஆலை வேலைநிறுத்தம், 1908 மார்ச்சில் வ. உ. சிதம்பரம் பிள்ளை கைதானது ஆகியவற்றை ம. பொ. சிவஞானத்தின் நூலின் வழி அது திரைக்குக் கொணர்ந்தது. படத்தின் பாடல்கள் பாரதியுடையவை. அவற்றைப் பயன்படுத்த எவரிடமும் உரிமம் பெற வேண்டிய நிலை அப்போது இல்லை. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ஒரே ஒரு பாரதி பாடலைப் படத்தில் சேர்த்த டி. கே. எஸ். சகோதரர்கள் வழக்கை எதிர்கொள்ள நேர்ந்தது. இவ்விரு நிலைகளுக்கும் இடையில் நிகழ்ந்தது நாட்டுடைமையாக்கம். அதனால் கிடைத்த நன்மையைப் பலரும் எழுதியுள்ளனர். அதனால் விடையின்றி நின்றுபோன சட்டக் கேள்வியையே இக்கட்டுரை ஆராய்கிறது.

பாரதி பதிப்புரிமையின் வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘பாரதி: கவிஞனும் காப்புரிமையும்’ என்ற நூலில் விரிவாக நிறுவியுள்ளார். ஆகவே சுருக்கமே போதும். 1921இல் பாரதி மறைந்தபின் செல்லம்மா பாரதி தாமே பதிப்பிக்க முயன்றார், அது நீடிக்கவில்லை. 1931இல் நூலுரிமை ரூ. 4,000க்குப் பாரதி பிரசுராலயத்திற்குச் சென்றது. பின்னர் அது பாரதியின் இளவல் சி. விசுவநாத ஐயரிடம் நிலைத்தது. ஒலிபரப்பு, இசைத்தட்டு உரிமைகள் 1934இல் ஜேசிங்லால் மேத்தா என்ற வணிகரிடம் விற்கப்பட்டு, அவரிடமிருந்து ஏ. வி. மெய்யப்பனை அடைந்தன. 1947இல் ‘நாம் இருவர்’ படத்தில் ஒலித்த பாடல்கள் அவ்வுரிமையின் பயன். அவ்வாண்டு அக்டோபரிலேயே எட்டயபுரத்தில், கல்கியின் முன்முயற்சியால் பொதுமக்களிடம் திரட்டிய பணத்தில் எழுந்த பாரதி மணிமண்டபத்தை இராஜாஜி திறந்து வைத்தார். மண்டபம் மக்களுடையது, பாட்டு தனியாருடையது என்ற முரண் அன்றே பலரை உறுத்தியிருக்க வேண்டும்.

1948இல் ‘பில்ஹணன்’ படத்தில் கண்ணன் பாட்டைச் சேர்ந்த ஒரு பாடல் இடம்பெற்றது. மெய்யப்பன் தரப்பு சட்ட நடவடிக்கையில் இறங்கியது. டி. கே. சண்முகம், நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம் முதலியோர் ‘பாரதி விடுதலை’ இயக்கத்தை முன்னெடுத்தனர். செல்லம்மாவை நேரில் கண்டு அவர் இசைவையும் பெற்றனர்.

இயக்கத்தின் வாதம் அறம் சார்ந்தது: தேசக் கவியைத் தனியொருவர் உடைமையாக வைத்திருத்தல் தகாது என்பதே அதன் சாரம். சட்டம் என்ன சொல்லியிருக்கும்? அன்று நடைமுறையில் இருந்த 1914ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டத்தைச் சில மாற்றங்களுடன் ஏற்றது. தனிப்பட்ட படிப்பு, ஆய்வு, திறனாய்வு, மதிப்புரை, செய்தித்தாள் சுருக்கம் ஆகிய ஐந்து நோக்கங்களுக்காக ஒரு படைப்பை நியாயமாகக் கையாளுதல் உரிமை மீறல் ஆகாது என்றது அச்சட்டம். திரைப்படம் இவ்வைந்தில் எதனுள்ளும் அடங்காது. வெளியான படைப்பின் நியாயமான அளவுள்ள பகுதியை ஒருவர் பொது இடத்தில் படிக்கலாம், ஒப்பிக்கலாம் என்றும் ஒரு விலக்கு இருந்தது. தூத்துக்குடிக் கடற்கரைக் கூட்டமொன்றில் ஒரு பேச்சாளர் இரண்டு அடிகளைச் சொல்ல இது காப்பாகும். முழுப் பாடலையும் பக்கவாத்தியத்தோடு பாடினால்? ‘ஒப்பித்தல்’ என்பதில் பாடுதல் அடங்குமா, ஒரு தனிப்பாடல் முழுவதும் ‘பகுதி’ ஆகுமா என்பவை நீதிமன்றம் மட்டுமே தீர்க்கக்கூடியவை. தமிழில் பாட்டும் செய்யுளும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை. ஆங்கிலச் சட்டச் சொல் இங்கு எப்படிப் பொருள்படும் என்பது ஆர்வமூட்டும் வினா. ஆயினும் ஒலிப்பதிவு செய்த திரைப்பாடலுக்கு இவ்விலக்கு உதவியிராது. என் கணிப்பில், வழக்கு முற்றுப்பெற்றிருந்தால் மெய்யப்பனே வென்றிருப்பார்.

நூல்களின் நிலை வேறு. ஆசிரியர் இறந்து 25 ஆண்டுகள் கழிந்தபின், உரியவாறு அறிவிப்புத் தந்து நூற்றுக்குப் பத்து உரிமைத்தொகை செலுத்தினால், வெளியான நூலை எவரும் அச்சிட்டு விற்க அச்சட்டம் இடமளித்தது. பாரதியைப் பொறுத்தவரை அக்கெடு 1946 செப்டம்பரில் முடிந்துவிட்டது. பாரதியை விடுவிக்கும் இயக்கம் தொடங்கும் முன்பே, அவர் வாழ்நாளில் அச்சேறிய நூல்கள் சிலவற்றுக்குப் பாதி கதவு திறந்தே இருந்தது.

தீர்ப்புக்கு முன் அரசு குறுக்கிட்டது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஆட்சியில், கல்வியமைச்சர் தி. சு. அவினாசிலிங்கத்தின் முயற்சியால் 1949இல் உரிமைகள் அரசிடம் வந்தன. மெய்யப்பன் ஈட்டுத்தொகை பெறாமல் விட்டுக்கொடுத்தார். விசுவநாத ஐயர் ரூ. 15,000 பெற்றார், செல்லம்மாவுக்கும் இரு மகள்களுக்கும் தலைக்கு ரூ. 5,000 வழங்கப்பட்டது. 1928இல் பாரதி நூல்களைத் தடைசெய்து பறிமுதல் செய்த அதே சென்னை அரசாங்கம், இருபத்தோராண்டில் அவற்றின் உரிமையாளர் ஆயிற்று. 1955இல் அவ்வுரிமை மக்களுக்கே விடப்பட்டது.

இதன் விளைவு ஒரு கவிஞரின் விடுதலை. பயன்படுத்துவோர் உரிமை பற்றிய கோட்பாடு எதுவும் பிறக்கவில்லை. சென்னை உயர்நீதிமன்றம் நியாயமான கையாளலை விரிவாக ஆராயும் வாய்ப்பு, கல்லூரி மாணவர்க்கான ‘நோட்ஸ்’ நூல்களை எதிர்த்து பிளாக்வுட் நிறுவனம் தொடுத்த வழக்கில்தான் வந்தது. 1959இல் பதிவான அத்தீர்ப்பு வழிகாட்டி நூல் வெளியிட்டோருக்கு எதிராக அமைந்தது. தமிழகமோ 1949இன் வழியையே மரபாக்கிக்கொண்டது: எழுத்தாளரை ஒருவர்பின் ஒருவராகத் தேர்ந்து, மரபுரிமையருக்குப் பரிவுத்தொகை தந்து, நூல்களை நாட்டுடைமையாக்குவது. தேர்வுக்கு உட்படாதவர்கள் சட்டத்தின் பொதுக் காலக்கெடுவில் நிற்கிறார்கள். 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியர் இறந்தபின் 50 ஆண்டு என வைத்த கெடு, 1992இல் 60 ஆண்டாக உயர்ந்தது.

அரசு குறுக்கிடாதிருந்தால் நேர்ந்திருக்கக்கூடிய சிக்கலுக்கு ‘பாஞ்சாலி சபதம்’ சான்று. அதன் முதற்பாகம் 1912இல், பாரதி இருக்கும்போதே வெளிவந்தது. அதன் கெடு 1971 வரை. இரண்டாம் பாகம் அவர் மறைந்தபின் 1924இல் வந்தது. இறப்புக்குப் பின் வெளியாகும் படைப்புக்கு வெளியீட்டிலிருந்தே 50 ஆண்டு என்பதால், 1974 வரை. முதற்பாகம் பொதுவுடைமை, இரண்டாம் பாகம் தனியுடைமை என மூன்றாண்டுகள் அக்காப்பியம் பிளவுண்டு கிடந்திருக்கும்.