அவையில் தொங்கும் மீன்

பாஸ்டன் நகரின் பீக்கன் மேட்டில், தங்கக் கூரை வேய்ந்த குவிமாடத்துக்குக் கீழே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சட்டமன்றம் கூடுகிறது. அங்கே பிரதிநிதிகள் அவையின் கூரையிலிருந்து ஒரு மரமீன் தொங்குகிறது. நீளம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. செதுக்கி, உயிருள்ள மீன் போலவே வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். ‘புனித காட்’ என்று அதற்குப் பெயர். சொல்பவர்கள் பாதி பக்தியோடும் பாதி கிண்டலோடும் சொல்கிறார்கள்.

காட் நம் சந்தைக்கு வருகிற மீன் இல்லை. அதன் ஈரலிலிருந்து எடுத்து மாத்திரைக்குள் அடைத்த மஞ்சள் எண்ணெயோடு நம் பழக்கம் முடிந்துவிடுகிறது. வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீரில் வாழ்கிற மீன் அது. தாடைக்குக் கீழே ஒற்றை மீசை, விலாவில் வெளிறிய கோடு. சதையில் கொழுப்பு ஒரு சதவீதம்கூட இருக்காது. அந்தக் காலத்தில் அதன் விலையை ஏற்றியது இதுதான். கொழுப்பில்லாத சதை உப்பை நன்றாக வாங்கும், காய்ந்தால் பலகை போல விறைக்கும், மாதக்கணக்கில் கெடாது. குளிர்பெட்டி இல்லாத உலகத்தில் கடல் தாண்டி விற்க அதைவிட நல்ல கருவாடு கிடையாது.

1602இல் பார்த்தலோமியு காஸ்னால்ட் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் இந்தக் கரையோரம் வந்தபோது, பிடிபட்ட மீனைப் பார்த்து ஒரு நிலமுனைக்கு ‘கேப் காட்’ என்று பெயர் வைத்தார். பதினெட்டு ஆண்டுகள் கழித்துத்தான் பிளிமத்தில் குடியேறிகள் வந்து இறங்கினார்கள். அவர்கள் தேடி வந்தது மத சுதந்திரம் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லும். கரை ஏறிய பிறகு அவர்களுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் காசு கொடுத்தது மீன்.

பிடித்த மீனைப் பிளந்து, உப்பிட்டு, கரையில் பரண் கட்டி உலர்த்தினார்கள். பிறகு தரம் பிரித்தார்கள். நன்றாக வெளுத்துக் காய்ந்த முதல் தரம் ஸ்பெயினின் பில்பாவோ போன்ற துறைமுகங்களுக்குப் போனது. இறைச்சியை விலக்கி மீன் உண்ணும் நோன்பு நாட்களில் கத்தோலிக்கர்களுக்கு அது வேண்டியிருந்தது. கப்பல்கள் திரும்பும்போது உப்பும் இரும்பும் பழங்களும் ஒயினும் ஏற்றி வந்தன. முறிந்தது, உப்பு ஏறிப்போனது, சரியாக உலராதது எல்லாம் ‘கழிவு’ என்ற பெயரில் தெற்கே கரீபியத் தீவுகளுக்குப் போயின. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்கர்களுக்கு அது உணவு. தோட்ட முதலாளிகள் கரும்பு விளைந்த நிலத்தில் உணவு விளைவிக்க மனம் வராமல் மலிவான கருவாட்டை இறக்குமதி செய்தார்கள். விலையாகக் கிடைத்த சர்க்கரைப் பாகு பாஸ்டனுக்கு வந்து ரம் ஆனது. அந்த ரம்மில் ஒரு பங்கு மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போய் மேலும் மனிதர்களை வாங்கியது. ஜமைக்காவின் தேசிய உணவு இன்றைக்கும் அக்கி என்ற பழத்தோடு சமைத்த உப்புக் கருவாடு. எங்கோ குளிர்க்கடலில் வாழும் மீன் அந்தத் தீவின் அடுப்படிக்குள் நுழைந்த வழி இதுதான்.

மீனில் பணக்காரர்களான குடும்பங்களை ‘காட் பிரபுக்கள்’ என்று பிற்காலத்தில் கேலி செய்தார்கள். அந்தப் பணத்தில் லண்டனும் கை வைக்கப் பார்த்தது. 1733இலும் 1764இலும் சர்க்கரைப் பாகின் மீது வரிச் சட்டங்கள் வந்தன. 1775இல், மாசசூசெட்ஸ் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பகுதியின் படகுகள் வடக்கு மீன்பிடித் தளங்களுக்குப் போகவே கூடாது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தடை போட்டது. அமெரிக்கப் புரட்சி என்றால் நமக்குத் தேயிலைப் பெட்டிகள் கடலில் விழுந்ததுதான் நினைவுக்கு வரும். என் கணக்கில் கருவாட்டுக்கும் அதில் சம பங்கு உண்டு. போரை முடிக்க 1782இல் பாரிஸில் சமாதானம் பேசியபோது, மாசசூசெட்ஸ்காரரான ஜான் ஆடம்ஸ் மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார். 1783இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு முழுக்க மீன் பற்றியது.

மறு ஆண்டு மார்ச் மாதம் பாஸ்டன் வணிகர் ஜான் ரோ சட்டமன்றத்தில் எழுந்து, மாநிலத்தின் நலனுக்கு மீன்பிடித் தொழில் எவ்வளவு முக்கியம் என்பதை நினைவூட்ட ஒரு காட் மீனின் உருவத்தை அவையில் தொங்கவிட அனுமதி கேட்டார். அவர் சாதாரண ஆள் இல்லை. 1773இல் தேயிலை கொட்டப்பட்ட மூன்று கப்பல்களில் ஒன்றான ‘எலினார்’ அவருடையது. இன்று தொங்குகிற மீன் அவர் தந்ததுதான். அதற்கு முன்னும் அவையில் மீன் இருந்ததற்குச் சாட்சி உண்டு. புரட்சிக்குச் சற்று முன், மீனுக்கு வண்ணம் பூசிய கூலி கேட்டு ஓர் ஓவியர் கொடுத்த பில் கிடைத்திருக்கிறது. அந்த மீன் போர்க் குழப்பத்தில் காணாமல் போனது.

ரோவின் மீன் அவைக்கு வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். அடிமைமுறை மாநில அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி 1783இல்தான் சொன்னார். ஆனால் சர்க்கரைத் தீவுகளுக்குக் கழிவு மீன் போவது நிற்கவில்லை. அவையில் தொங்கவிட்டது முதல் தர மீனின் உருவம் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

1798இல் பீக்கன் மேட்டின் புதிய மாளிகைக்கு மீனும் கூடவே குடிபோனது. 1895இல் பிரதிநிதிகள் அதே மாளிகையில் வேறு மண்டபத்துக்கு மாறியபோது மீனைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு, அதன் வரலாற்றை ஆராய ஒரு குழு போட்டார்கள். அறிக்கை வந்ததும் பதினைந்து உறுப்பினர்கள் போய் மீனைக் கீழே இறக்கி, தேசியக் கொடியில் சுற்றி, பாடையில் வைத்து நான்கு பேர் தூக்கிவர ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். அவை எழுந்து நின்று கைதட்டியது. தலைவர்களின் சடலத்துக்குச் செய்கிற மரியாதை அது.

1933 ஏப்ரலில் மீன் திருட்டுப் போனது. ஹார்வர்டின் நகைச்சுவை இதழான ‘லாம்பூன்’ மாணவர்களின் வேலை. கம்பியை வெட்டி, பூக்கடைக்காரர்கள் பயன்படுத்தும் நீளப் பெட்டியில் மீனை வைத்து, மேலே பூக்கள் தெரிய எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போலீஸ் சார்ல்ஸ் ஆற்றில் வலை போட்டுத் துழாவியது. மீன் இல்லாமல் அவை நடத்துவதே பாவம் என்று சில உறுப்பினர்கள் குமுறினார்கள். நாடு பொருளாதாரப் பெருமந்தத்தில் தவித்துக்கொண்டிருந்த வருடம் அது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. கடைசியில் ஹார்வர்டின் காவல் பொறுப்பாளருக்கு ஒரு தொலைபேசி வந்தது. புறநகர்க் காட்டுப் பாதையில் ஒரு காரைப் பின்தொடர்ந்து போனவர் கையில் மீனைக் கொடுத்துவிட்டு அந்தக் கார் மறைந்தது. உடைந்த துடுப்புகளைச் சரிசெய்து, கைக்கு எட்டாதபடி ஆறு அங்குலம் உயர்த்தி மாட்டினார்கள். 1968இல் இன்னொரு கல்லூரி மாணவர்கள், தங்கள் கல்லூரியை அரசு கவனிக்கவில்லை என்ற கோபத்தில் மறுபடி தூக்கினார்கள். அந்த முறை மீன் மாளிகையை விட்டு வெளியே போகவே இல்லை. ஆள் நடமாட்டமில்லாத ஒரு நடைவழியில், கதவுக்குப் பின்னால் கிடந்தது.

மரமீனுக்கு இத்தனை பாதுகாப்பு நடந்துகொண்டிருந்தபோது கடலில் வேறு கதை. தூண்டிலும் பாய்மரமும் இருந்தவரை மனிதர்களே அதிகம் செத்தார்கள். கிளஸ்டர் என்ற ஒரே ஊரிலிருந்து போய்த் திரும்பாதவர்கள் 5,000க்கும் மேல். 1905இல் ‘ஸ்ப்ரே’ என்ற நீராவிக் கப்பல் இழுவை மடியோடு பாஸ்டனில் தொழிலுக்கு இறங்கியது. மடி கடல் தரையை வழித்துக்கொண்டு போகும்; குஞ்சும் தப்பாது. 1960களில் சோவியத் மற்றும் ஐரோப்பியத் தொழிற்சாலைக் கப்பல்கள் வந்து அள்ளின. 1976இல் அமெரிக்கா 200 மைல் எல்லை போட்டு அவற்றை விரட்டியது. மீன் பிழைக்கும் என்று நம்பினார்கள். காலியான இடத்தை உள்ளூர்ப் படகுகளே நிரப்பின. 1992இல் கனடா தன் வடபகுதி காட் மீன்பிடிப்பை நிறுத்தியது. 1994 டிசம்பரில் மாசசூசெட்ஸுக்குக் கிழக்கே இருக்கும் ஜார்ஜஸ் திட்டின் பெரிய பகுதிகள் மீன்பிடிப்புக்கு மூடப்பட்டன. முப்பது வருடத்துக்கு மேலாகியும் காட் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பவில்லை. பக்கத்தில் உள்ள மெயின் வளைகுடா உலகக் கடல்களின் சராசரியைவிட வேகமாகச் சூடாகிக்கொண்டிருக்கிறது. குளிர்நீர் மீனுக்கு அது இன்னொரு அடி.

மாநிலத்தின் கடல் வருமானம் அதனால் நின்றுவிடவில்லை. தெற்கே நியூ பெட்ஃபோர்ட் துறைமுகம், பிடிபடும் சரக்கின் மதிப்பில் இரண்டு பத்தாண்டுகள் அமெரிக்காவிலேயே முதலிடத்தில் இருந்தது. அங்கே காசு தருவது ஸ்காலப் என்ற சிப்பி. பாஸ்டன் உணவகங்களில் காட் இன்னமும் பரிமாறுகிறார்கள். அதில் பெரும்பாலானது ஐஸ்லாந்திலிருந்தும் நார்வேயிலிருந்தும் வருகிறது.