கீசர் மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? அவசரத்தில் விடக்கூடாத அந்த அரை மணி நேரம்!

ஐப்பசி மழை பிடித்து, குழாய்த் தண்ணீர் ஜில்லென்று ஆகும் நேரம் பார்த்துத்தான் பல வீடுகளில் கீசர் மக்கர் பண்ணும். வீட்டில் கைக்குழந்தையோ வயசானவங்களோ இருந்தால் சொல்லவே வேண்டாம். "இன்னைக்கே வந்து மாத்திக் கொடுத்துடுங்க" என்று எலக்ட்ரீஷியனுக்கு போன் பறக்கும். "ஒரு மணி நேர வேலைதான் சார்" என்று அவரும் சொல்வார்.

அவர் சொல்வது பொய்யில்லை. பழையதை இறக்கி, புதியதை மாட்ட ஒரு மணி நேரம் போதும். ஆனால் மாட்டியது பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு அரை மணி நேரம் வேண்டும். அவசரத்தில் பலர் விட்டுவிடுவது அதைத்தான். முழு விவரத்தையும் பார்க்கலாம்.

மாற்றத்தான் வேண்டுமா?

கீசர் வேலை செய்யவில்லை என்றாலே புதுசு வாங்கணும் என்று அர்த்தம் இல்லை. தண்ணீர் சுடவே இல்லை என்றால் பெரும்பாலும் ஹீட்டிங் எலிமென்ட் அல்லது தெர்மோஸ்டாட் போயிருக்கும். பார்ட்ஸ் கையில் இருந்தால் ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம்.

டேங்கே ஓட்டையாகி அடிப்பக்கம் ஒழுகினால் அது வேறு கதை. போர் தண்ணீரில் உப்பு அதிகம் உள்ள பகுதிகளில் இது சீக்கிரமே வரும். ஒழுகும் டேங்கை ஒட்டுப்போட்டு ஓட்ட நினைக்காதீர்கள், மாற்றுவதுதான் வழி. சுவிட்சைப் போட்டதும் டிரிப் ஆனாலோ, குழாயைத் தொடும்போது சுர்ரென்று இருந்தாலோ உடனே மெயினை ஆஃப் செய்யுங்கள். ஆள் வந்து பார்க்கும் வரை அதைப் போடவே கூடாது.

எந்த வேலைக்கு எவ்வளவு நேரம்?

வீட்டுக்கு வீடு வித்தியாசப்படும். ஆனாலும் பொதுவான கணக்கு இது:

* அதே இடம், அதே அளவு, அதே மாடல்: 1 முதல் 2 மணி நேரம்
* லிட்டர் அளவோ, நிற்கும் மாடல், படுக்கும் மாடல் என்ற வகையோ மாறினால்: 2 முதல் 4 மணி நேரம். சுவரில் புதிதாகத் துளை போட வேண்டும், பைப் நீளமும் மாறும்
* கீசரே இல்லாத பாத்ரூமில் புதிதாக வைக்க: ஒரு முழு நாள். சுவரை வெட்டி பைப், வயர் எடுக்க வேண்டும் என்றால் 2 நாள்
* பழைய வயரிங்கை மாற்ற வேண்டி வந்தால்: மேலே சொன்னதோடு கூடுதலாக அரை நாள் முதல் ஒரு நாள்

ஆன்லைனில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். டெலிவரி செய்பவர் வேறு, மாட்ட வருபவர் வேறு. பெட்டி இன்று வந்தாலும் கம்பெனி ஆள் வர ஓரிரு நாள் ஆகலாம். இன்ஸ்டாலேஷன் இலவசமா, கனெக்‌ஷன் பைப் பெட்டியில் இருக்கிறதா என்பதை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். பைப் இல்லை என்று கடைக்கு ஓடுவதிலேயே அரை மணி நேரம் போய்விடும்.

வேலை எப்படி நடக்கும்?

முதலில் எம்சிபியை ஆஃப் செய்து, கீசருக்குப் போகும் தண்ணீர் வால்வை மூடுவார்கள். அடுத்து டேங்கில் இருக்கும் தண்ணீரை வடிக்க வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு முன்புவரை ஓடிய கீசர் என்றால் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்கும். காலையில் ஆள் வருகிறார் என்றால் முந்தைய இரவே ஆஃப் செய்து வைப்பது நல்லது.

பிறகு பழையதை இறக்கி, சுவரில் போல்ட் அடித்து, புதியதைத் தொங்கவிட்டு, பைப்பை இணைப்பார்கள். 25 லிட்டர் கீசரில் தண்ணீர் மட்டுமே 25 கிலோ. கீசரின் எடையும் சேர்ந்தால் சுமார் 35 கிலோ. இவ்வளவும் உங்கள் தலைக்கு மேலே தொங்கப் போகிறது. ஹாலோ பிளாக் போன்ற உள்ளீடற்ற கல் வைத்த சுவரில் சாதாரண போல்ட் பிடிக்காது. சுவர் எப்படிப்பட்டது என்பதை ஆளிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

கடைசியில்தான் கரண்ட். இங்கே பலர் செய்யும் தப்பு, டேங்க் நிறையும் முன்பே சுவிட்சைப் போடுவது. தண்ணீர் இல்லாமல் சூடானால் புது எலிமென்ட் அன்றைக்கே போய்விடும். சுடுதண்ணீர் குழாயைத் திறந்து வையுங்கள். அதில் காற்று போய், தண்ணீர் சீராகக் கொட்டிய பிறகே ஆன் செய்யணும்.

நேரம் இழுப்பது எங்கே?

வேலை பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான்.

ஒன்று, வால்வ். பல வருஷமாகத் திருப்பாத ஆங்கிள் வால்வ் உப்புப் படிந்து இறுகிப்போயிருக்கும். அது உடைந்தால் மொட்டை மாடி டேங்க் லைனையே மூடிவிட்டுத்தான் வேலை பார்க்க முடியும். அபார்ட்மென்ட் என்றால் மற்ற வீடுகளுக்கும் தண்ணீர் நிற்கும்.

இரண்டு, பைப். சாதாரண பிவிசி பைப் சுடுதண்ணீருக்குத் தாங்காது. சிபிவிசி போட வேண்டும். அதை ஒட்டும் பசை காய, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருக்கணும். பசை ஈரமாக இருக்கும்போதே தண்ணீரைத் திறந்தால் ஜாயின்ட் பிடுங்கிக்கொள்ளும்.

மூன்று, பிளக் பாயின்ட். 2,000 வாட்ஸ் கீசர் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். 3,000 வாட்ஸ் இன்ஸ்டன்ட் கீசர் என்றால் 13 ஆம்பியர். ஃபேன், லைட்டுக்கான 6 ஆம்பியர் பாயின்ட் இதைத் தாங்காது. 16 ஆம்பியர் பாயின்ட்டும், போர்டில் இருந்து நேராக வரும் தனி வயரும் வேண்டும். அது இல்லாத வீட்டில் ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகிவிடும். அப்படி ஆவதுதான் சரி.

உயிரைக் காப்பது எர்த்

கீசருக்குள் எலிமென்ட் வெடித்தால் கரண்ட் தண்ணீரிலும் டேங்கிலும் இறங்கும். எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் ஈர உடம்போடு ஷவருக்கு அடியில் நிற்பவர் வழியாகப் போகும்.

பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், ஆனால் எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. இன்னும் மோசம், நியூட்ரலை எடுத்து எர்த் ஓட்டையோடு லூப் அடித்து வைப்பது. பார்க்க எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். நியூட்ரல் எங்காவது கட் ஆனால், கீசரின் உலோகப் பாகமெல்லாம் ஷாக் அடிக்கும். எர்த் இருக்கிறதா என்று டெஸ்ட் லேம்ப் அல்லது மீட்டர் வைத்து எலக்ட்ரீஷியன் சில நிமிடத்தில் சொல்லிவிடுவார். அதைக் கேட்டு வாங்குவது உங்கள் வேலை.

"எம்சிபி இருக்கே" என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. அது வயரைக் காப்பாற்றும், ஆளை அல்ல. ஆளைக் காப்பது ஆர்சிசிபி. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இல்லையென்றால் கண் இமைக்கும் நேரத்தில் கட் ஆகிவிடும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடுவார்கள்.

வால்வ் சொட்டினால் அடைக்காதீங்க!

புது கீசர் மாட்டியதும் வரும் புகார், "வால்வுல தண்ணி சொட்டுது". தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியில் இருந்து 60 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய 350 மில்லி கூடும். அந்த அழுத்தத்தை வெளியேற்றத்தான் சேஃப்டி வால்வ் இருக்கிறது. சூடாகும்போது மட்டும் கொஞ்சம் சொட்டினால் பயப்பட வேண்டாம். ஆனால் பாத்ரூம் ஈரமாகிறது என்று வால்வின் வாயை அடைத்துவிடாதீர்கள். தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஒரே நேரத்தில் பழுதானால் டேங்க் வெடிக்கும் நிலை வரும். நிற்காமல் கொட்டினால் மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள்.

வாடகை வீடாக இருந்தால்?

கீசர் உங்களுடையதாக இருக்கலாம், வயரிங் வீட்டு ஓனருடையது. எர்த் இல்லை என்று தெரிந்தால் மாட்டுவதற்கு முன்பே ஓனரிடம் பேசிவிடுங்கள். "முன்னாடி இருந்தவங்களும் கீசர் வெச்சிருந்தாங்களே" என்று சொல்வார். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து எர்த் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஒரு வாரம் இழுத்தாலும் பரவாயில்லை, அதுவரை அடுப்பில் தண்ணீர் காய வைத்துக்கொள்ளலாம்.

கரண்ட் பிரச்னை என்று கேஸ் கீசருக்கு மாறுபவர்களும் உண்டு. அதை மூடிய பாத்ரூமுக்குள் மாட்டவே கூடாது. காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். சமையல் கேஸ் கசிந்தால் வாடை காட்டிக்கொடுக்கும். இதற்கு வாடையே கிடையாது.

ஆள் கிளம்பும் முன் இதைப் பாருங்க

* பெட்டியிலும் கீசரிலும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா?
* 16 ஆம்பியர் பாயின்ட்டில் எர்த்தை உங்கள் முன்னால் சோதித்தாரா?
* சேஃப்டி வால்வ் மாட்டியிருக்கிறாரா? பழைய வால்வையே திருப்பிப் போட்டுவிட்டாரா?
* ஒருமுறை முழுசாகச் சூடாக்கி, ஜாயின்ட்டில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்த்தாரா? 2,000 வாட்ஸில் 15 லிட்டர் 60 டிகிரிக்கு வர சுமார் 18 நிமிடம், 25 லிட்டருக்கு அரை மணி நேரம் ஆகும்
* வாரன்டி கார்டில் தேதியும் சீலும் இருக்கிறதா?

ஆக, அதே இடத்தில் மாற்ற இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆள் அவசரப்பட்டாலும், தண்ணீர் சூடாகும் அந்த அரை மணி நேரம் அவரை உட்காரவைத்து ஒரு டீ கொடுங்கள். டீயைக் குடித்து முடிப்பதற்குள் எர்த், வால்வ், ஒழுகல் என மூன்றையும் பார்த்துவிடலாம். எல்லாம் சரியாக இருந்தாலும், சூடானதும் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டுத்தான் குளிக்கப் போகணும்.