புத்தகத்துக்குள் ஒரு பின்னல்



கொஞ்சம் நீளமான பதிவு. மணியடித்த பிறகும் பாடத்தை விடாத டீச்சர் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்கப் போகிறேன்.

போன வாரம் புத்தக அலமாரியை ஒழித்தேன். பாதிப் புத்தகங்களை ஊர் நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று எண்ணம். ஒரு பழைய வரலாற்றுப் புத்தகத்தைத் தட்டியபோது உள்ளேயிருந்து ஒன்று விழுந்தது. வெள்ளை நூலில் குரோஷா ஊசியால் பின்னிய பக்க அடையாளம். பாதிதான் பின்னியிருந்தது. ஒரு முனையில் ஆறு இதழ்ப் பூ, அதிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பட்டை, அதற்குமேல் அறுந்த நூல். வெள்ளை பழுப்பாகியிருந்தது.

அது யாருடையது, ஏன் பாதியில் நின்றது என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதைச் சொல்லுமுன் இந்தப் பின்னலின் கதையைச் சொல்கிறேன். அது தெரியாமல் இருந்ததால்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

குரோஷா என்று நாம் சொல்வது பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கொக்கி என்று பொருள். ஸ்வெட்டர் பின்ன இரண்டு ஊசி வேண்டும். இதற்கு முனையில் கொக்கி வைத்த ஒரே ஊசி போதும். கண்ணிக்குள் கண்ணியாக நூலை இழுத்துக்கொண்டே போக வேண்டியதுதான். ஐரோப்பாவில் இதற்கான மாதிரிகள் 1820களில் பத்திரிகையில் அச்சாகத் தொடங்கின. 1846இல் ரியேகோ தெ லா பிரான்ஷார்தியேர் என்ற லண்டன் பெண்மணி இதையும் சேர்த்துப் பின்னல் வேலைகளுக்கு ஒரு புத்தகம் போட்டார். தொடர்ந்து எழுபதுக்கும் மேற்பட்ட சிறு புத்தகங்கள் எழுதினார். வசதியான வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்காகத்தான் முதலில் பரவியது.

அதே நேரத்தில் பக்கத்து நாடான அயர்லாந்தில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. 1845இல் உருளைக்கிழங்குச் செடிகளில் ஒரு நோய் பரவியது. ஏழைகளுக்கு அந்தக் கிழங்குதான் மூன்று வேளைச் சாப்பாடு. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் விளைச்சல் அழுகிப் போயிற்று. பத்து லட்சம் பேர் அளவுக்குச் செத்தார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறிப் போனார்கள். 1841 கணக்கெடுப்பில் 81 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1851இல் 65 லட்சமாகிவிட்டது.

அந்தப் பஞ்சத்தில் கார்க் நகரக் கன்னியர் மடங்களும், வேறு சில ஊர்களில் பாதிரியார் வீட்டுப் பெண்களும் கையில் எடுத்தது இந்தக் கொக்கி ஊசியைத்தான். வெனிஸ் நகரத்து விலையுயர்ந்த லேஸைப் பார்த்து, அதைப்போலக் குரோஷாவில் செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். சாதாரணத் தையல் ஊசியால் லேஸ் செய்வதைவிட இது பல மடங்கு வேகம். முதலீடு என்று பார்த்தால் ஒரு நூல்கண்டும் ஓர் ஊசியும்தான். ஊசி வாங்கக் காசில்லாதவர்கள் கம்பியை வளைத்து ஒரு மரத்துண்டில் செருகிக்கொண்டார்கள். மோனகன் மாவட்டத்துக் குளோனிஸ் என்ற ஊரில் 1847இல் கசாண்ட்ரா ஹாண்ட் என்ற பாதிரியாரின் மனைவி இதைத் தொடங்கி வைத்தார். அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு லேஸ் இன்றும் இருக்கிறது.

ரோஜா, திராட்சைக் குலை, மூவிலைச் செடி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பின்னி, பிறகு வலை போன்ற பின்னலால் ஒன்றுசேர்ப்பார்கள். ஒரு குடும்பம் ரோஜா மட்டும் பின்னும், இன்னொரு குடும்பம் இலை மட்டும் பின்னும். தங்கள் மாதிரியை அடுத்த வீட்டுக்குக்கூடக் காட்டாமல் வைத்துக்கொள்வார்களாம். அந்த வருமானத்தில் வயிறு கழுவியவர்கள் உண்டு, அமெரிக்காவுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்தவர்களும் உண்டு.

பக்க அடையாளத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. நாமெல்லாம் மயிலிறகு வைத்தவர்கள். குட்டி போடும் என்று நம்பி அரிசி போட்டு வைத்த ஆட்களும் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்! இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் மகாராணிக்கு 1584இல் அவருடைய அச்சகக்காரர் கிறிஸ்டோபர் பார்க்கர் குஞ்சம் வைத்த பட்டுப் பக்க அடையாளம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். அப்போது அது அரசிகளுக்கான பொருள். அது சாதாரண மக்கள் கைக்கு வந்த கதையிலும் ஒரு பசி இருக்கிறது. கவென்ட்ரி நகரம் பட்டு ரிப்பன் நெசவுக்குப் பேர்போனது. 1860இல் பிரான்ஸோடு போட்ட வணிக ஒப்பந்தத்தால் பிரெஞ்சு ரிப்பன்கள் வரியில்லாமல் வந்து குவிந்தன. கவென்ட்ரியில் தறிகள் நின்றன. தாமஸ் ஸ்டீவன்ஸ் என்ற நெசவாளர் சும்மா இருந்த தறியில் படமும் எழுத்தும் வரும்படி பட்டுப் பக்க அடையாளம் நெய்து 1862 வாக்கில் விற்கத் தொடங்கினார். அது பெரிய வியாபாரமாயிற்று.

இப்போது நம்ம பக்கத்துக்கு வருவோம்.

1819இல் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியர் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா அல்ல. உருண்டைத் தலையணைமேல் குண்டூசி குத்தி, சிறு மரக்கட்டைகளில் நூல் சுற்றி, அவற்றை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்வது. அன்றைக்குத் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. அந்தப் பள்ளியில் அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். லேஸ் விற்ற காசு சேர்த்துத் தங்களையே விலைகொடுத்து மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறை முழுதாக ஒழிந்தது 1855இல். மேல்சீலை அணியும் உரிமைக்கு அரசாணை வந்தது 1859இல். தங்கள் உடம்பைத் தங்கள் விருப்பப்படி மறைத்துக்கொள்ளப் போராட வேண்டியிருந்த ஊரில், அடுத்தவர் உடுப்பின் ஓரத்துக்கு அலங்காரம் பின்னியிருக்கிறார்கள் நம் பாட்டிமார்.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா. 1844இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து நம் இடையன்குடிக்கு வந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். அந்தப் புத்தகம் வெளிவந்த ஆண்டு 1856 என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறோம். அவர் மனைவி அதே ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, தாயிடம் கற்ற லேஸ் தொழிலை அந்தத் தேரிக்காட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை எந்தப் பரீட்சையிலும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

குரோஷா லேஸ் பெரிய தொழிலாக வளர்ந்தது ஆந்திராவில், கோதாவரிக் கழிமுகத்து நர்சாப்பூர் வட்டாரத்தில். அங்கேயும் கொண்டுவந்தவர்கள் மிஷனரிமார்தான். மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியல் அறிஞர் அந்தப் பெண்களைப் பற்றி ஆய்வு செய்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் சாரம் இதுதான்: ஏற்றுமதி நடக்கிறது, வியாபாரிகள் செல்வந்தர்களாகிறார்கள். பின்னுகிற பெண்களோ நாளுக்கு ஆறு, எட்டு மணி நேரம் பின்னியும் 'சும்மா வீட்டில் இருப்பவர்கள்' என்றே கணக்கு. ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள் என்று சொல்லிவிட்டால் கூலியைக் குறைத்துக் கொடுக்கலாம் அல்லவா?

நூலும் நம் பக்கத்துச் சங்கதிதான். ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி நகரத்து நூல் ஆலைகள் உலகப் புகழ் பெற்றவை. நெப்போலியன் காலத்தில் பட்டு வரத்து தடைப்பட்டபோது அங்கேதான் பருத்தித் தையல் நூலை வழவழப்பாக முறுக்கச் செய்து பழகினார்கள். கோட்ஸ் கம்பெனி அந்த ஊர்க்காரர்களுடையது. ஹார்வி சகோதரர்களும் ஸ்காட்லாந்துக்காரர்கள். பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீர் விழும் வேகத்தைக் கொண்டு 1880களில் ஆலை ஓட்டினார்கள். தூத்துக்குடி, மதுரையிலும் தொடங்கினார்கள். பிற்காலத்தில் இரண்டும் இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. விக்கிரமசிங்கபுரத்து உறவுகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நூலுக்குப் பளபளப்பு வருவது ஜான் மெர்சர் என்பவர் 1850இல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்தது. பருத்தி நூலைக் காஸ்டிக் சோடாவில் தோய்ப்பார்கள். பிற்பாடு இழுத்துப் பிடித்துத் தோய்த்தால் பட்டுப்போல மின்னும் என்று கண்டுபிடித்தார்கள்.

இன்னொரு விஷயம். துணி நெய்ய மெஷின் உண்டு, ஸ்வெட்டர் பின்ன மெஷின் உண்டு. கையால் போடுகிற அசல் குரோஷாவை அப்படியே போடும் மெஷின் கிடையாது. அதைப்போலத் தோன்றுகிற துணிதான் மெஷினில் வரும். ஆக, கடையில் நீங்கள் பார்க்கிற குரோஷா எதுவானாலும், எவ்வளவு மலிவாக இருந்தாலும், அதன் ஒவ்வொரு கண்ணியையும் ஒரு மனுஷியின் விரல் இழுத்திருக்கிறது.

இனி என் கதை.

1989ஆம் வருஷம். எட்டாம் வகுப்பு. தொழிற்புரட்சி நடத்திக்கொண்டிருந்தேன். ஆலைகளில் சின்னப் பிள்ளைகள் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்த கொடுமையைப் போர்டில் எழுதிவிட்டுத் திரும்பினால், மூன்றாம் பெஞ்சில் ஒரு பிள்ளை குனிந்தே இருக்கிறாள். கிட்டப் போனேன். பாவாடை மடிப்புக்குள் நூல்கண்டு, கையில் ஊசி. கண் என்னைப் பார்க்கிறது, விரல் மட்டும் நிற்கவில்லை.

"இங்க என்ன தையல் கிளாஸா நடக்கு?" என்று கேட்டுப் பிடுங்கினேன். வகுப்பே சிரித்தது. நூலை வெடுக்கென்று அறுத்து ஊசியையும் கண்டையும் மேசை டிராயரில் போட்டேன். பின்னிய துண்டைப் புத்தகத்துக்குள் வைத்து மூடினேன். அவள் அழவில்லை. "டீச்சர், ஊசி மட்டும் தாங்க டீச்சர்" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் கொடுக்கவில்லை.

மறுநாள் அவள் அம்மா வந்தார். வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "தப்புத்தான் டீச்சர். அந்த ஊசி வேல குடுக்குற அம்மாவோடது. டஜன் கணக்குல முடிச்சுக் குடுத்தாத்தான் துட்டு. அவ அப்பா படுக்கையில கெடக்காக." ஒன்றுக்கு அரை ரூபாய் கூலி என்று கேட்டபோது எனக்கு வாயடைத்துவிட்டது. ஊசியையும் நூலையும் எடுத்துக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. டீச்சர் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அன்றைக்கு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பிள்ளை எட்டாம் வகுப்பை முடித்தாள். ஒன்பதாம் வகுப்புக்கு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். அவள் போகவில்லை.

ஆலைத் தொழிலாளப் பிள்ளைகளைப் பற்றி உருகி உருகிப் பாடம் நடத்திய எனக்கு, மூன்றாம் பெஞ்சில் இருந்த தொழிலாளி கண்ணுக்குத் தெரியவில்லை. கைவேலை என்றால் பொழுதுபோக்கு என்று நானும்தான் நினைத்திருந்தேன்.

இந்த வாரம் என் மதினியிடம் குரோஷா போடக் கற்றுக்கொண்டேன். அந்தப் பாதித் துண்டை முடித்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். இருபதாம் நம்பர் நூல், மெல்லிய ஊசி. செயின் போட்டு, அதன்மேல் ஒரு வரிசை டபுள் போட்டு, அடுத்த வரிசையில் ஒரே கண்ணிக்குள் ஐந்து டபுள் விட்டால் சிப்பி மாதிரி விரியும். கேட்க எளிதுதான். எனக்கு மூன்று சாயங்காலம் ஆயிற்று. நான்கு தடவை பிரித்தேன். மதினி சிரித்துவிட்டு, "கண்ணிய எண்ணுங்க, கதையப் பெறவு யோசிக்கலாம்" என்றாள். குஞ்சம் கட்டி, சோற்றுக் கஞ்சியில் நனைத்து, பலகையில் குண்டூசி குத்திக் காயவைத்தேன். அவள் போட்ட பாதி எது, நான் போட்ட பாதி எதுவென்று யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள். அவளுடைய கண்ணிகள் எல்லாம் ஒரே அளவு. பதின்மூன்று வயதுப் பிள்ளை, பெஞ்சுக்கடியில், பார்க்காமலே போட்டது.

இப்போது அந்த உதவி. 1989–90 எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே, நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களில் சிலருக்குப் புரிந்திருக்கும். அவள் பெயரைத் தயவுசெய்து கீழே எழுத வேண்டாம். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தவர்கள், முதலில் அவளிடம் கேளுங்கள். டீச்சரைப் பார்க்கச் சம்மதம் என்று அவள் சொன்னால் எனக்குத் தனியாகத் தகவல் அனுப்புங்கள். முழங்கால் வலி இருந்தாலும் பஸ் ஏறி வந்துவிடுவேன். அவளுக்கு விருப்பமில்லையென்றால் அதுவும் சரிதான். இந்தப் பதிவை மட்டும் படித்துக் காட்டுங்கள்.

மற்றவர்களுக்கு ஒன்று. கண்காட்சியிலோ கோயில் வாசலிலோ யாராவது குரோஷாப் பொருளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பேரம் பேசாதீர்கள். இது எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேளுங்கள். விலையை அவர்கள் சொல்கிற மணிக்கணக்கால் வகுத்துப் பாருங்கள். எட்டாம் வகுப்புக் கணக்குதான், உங்களுக்கு வரும்.

அனைவரும் நலமாக இருங்கள்.

உங்கள் டீச்சர்