சீடி வேஷம் போட்ட மொடெம்

2006 இல் ஹுவாவி நிறுவனம் ஈ220 என்றொரு மொடெமை வெளியிட்டது. வெள்ளை நிறம், கூழாங்கல் மாதிரி வடிவம், உள்ளுக்குள் ஒரு சிம், கணினியில் செருக யூஎஸ்பி வயர். அதே வருடம் டயலொக் இலங்கையில் 3ஜி சேவையைத் தொடங்கியது. 2007 கடைசியில் மொபிட்டெல் எச்எஸ்பிஏயோடு வந்தது. லேண்ட்லைன் வயர் வந்து சேராத இடங்களில் கன காலத்துக்கு இணையம் என்றாலே இந்த மாதிரி ஒரு சாமான்தான். பிறகு அது பென்ட்ரைவ் அளவுக்குச் சுருங்கியது. எந்தக் கொம்பனி செய்தாலும் எங்களுக்கு அது டொங்கிள்.

வின்டோஸ் கணினியில் செருகினால் கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்துவிடும். லினக்ஸில் செருகினால் ஒரு சீடி ஐக்கன் வரும், அவ்வளவுதான். திறந்து பாத்தா உள்ளுக்க வின்டோஸ் கோப்புகள். "லினக்ஸில டொங்கிள் வேலை செய்யாது" என்ற கதை அப்படித்தான் பரவியது. ஆனால் டொங்கிளிலும் பழுதில்லை, லினக்ஸிலும் பழுதில்லை. டொங்கிள் "நான் ஒரு சீடி ட்ரைவ்" என்று சொன்னது, லினக்ஸ் அதை நம்பியது. பொய் சொன்னது யார், ஏன் சொல்ல வைத்தார்கள் என்பதில்தான் இந்த வரலாறு தொடங்குகிறது.

அந்தக் காலத்தில் எந்த மொடெம் வாங்கினாலும் கூடவே ஒரு ட்ரைவர் சீடி வரும். சீடி துலைஞ்சா மொடெமும் சும்மாதான். பெல்ஜியத்தில் லூவன் நகரத்தில் இருந்த ஒப்ஷன் என்ற நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. ட்ரைவரை மொடெமுக்குள்ளேயே வைத்துவிடுவது. செருகியவுடன் மொடெம் தன்னை சீடி ட்ரைவ் என்று அறிமுகப்படுத்தும். வின்டோஸின் ஓட்டோரன் அந்தச் 'சீடியை' ஓடவிடும். ட்ரைவர் பதிவாகும். பதிவான ட்ரைவர் மொடெமுக்கு ஒரு இரகசியச் செய்தி அனுப்பும். உடனே சீடி ட்ரைவ் மறைந்து, அதே இடத்தில் மொடெம் எழும்பும். இதற்கு சீரோசீடி என்று பெயர் வைத்தார்கள். ஹுவாவி, இசட்டிஈ எல்லோரும் இதே வழியில் போனார்கள்.

நல்ல யோசனைதான், மறுக்கேலாது. ஆனால் அதற்குள் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது: கணினி வைத்திருப்பவர் எல்லோரும் வின்டோஸ் வைத்திருப்பவர். எழுப்புகிற செய்தி என்னவென்று வாங்கினவருக்குச் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. காசு குடுத்து வின்டோஸ் வாங்க வசதியில்லாத, கள்ளக் கொப்பி போடவும் மனமில்லாத ஒருவரை யோசித்துப் பாருங்கள். உபுண்டுவின் ஷிப்இற் திட்டம் 2005 தொடங்கி 2011 வரைக்கும் கேட்டவர்களுக்கு உலகம் முழுக்க இலவசமாகத் தபாலில் சீடி அனுப்பியது. இணையமே இல்லாமல் லினக்ஸ் போடலாம். போட்டாயிற்று. இனி டொங்கிளை எழுப்ப ஒரு மென்பொருள் வேணும். அது எங்க இருக்கு? இணையத்தில. நெட் இல்லாமல் நெட் எடுக்கிற இந்தக் கூத்துக்கு ஒரே வழி, நெட் கஃபேக்குப் போய்ப் பென்ட்ரைவில் இறக்கிக்கொண்டு வருவது.

அந்த மென்பொருளின் பெயர் யூஎஸ்பி மோட்ஸ்விட்ச். எழுதியவர் ஜேர்மனியின் யோசுவா டீட்சே. மறைத்து வைத்த செய்தியைக் கண்டுபிடிக்கும் வழி ஒட்டுக்கேட்பதுதான். வின்டோஸ் கணினியில் யூஎஸ்பி வழியாகப் போய்வருவதையெல்லாம் பதிவுசெய்யும் ஒரு கருவியை ஓடவிட்டு, டொங்கிளைச் செருக வேண்டும். குவியும் பதிவுக்குள், சீடி மறைந்து மொடெம் எழும்புவதற்குச் சற்று முன்னால் என்ன அனுப்பப்பட்டது என்று தேட வேண்டும். பல ஹுவாவி மொடெம்களுக்கு அது 31 பைட் நீளமான ஒரு செய்தி. தொடக்கம் 55534243. எழுத்தாக மாற்றினால் யூ, எஸ், பி, சி. யூஎஸ்பி சேமிப்புக் கருவிகளுக்குப் போகிற எந்தக் கட்டளையும் அப்படித்தான் தொடங்கும். அடுத்து வரும் அடையாள எண் எதுவாகவும் இருக்கலாம் என்பதால் அங்கே 12345678 என்று போட்டிருக்கிறார்கள் (கனபேரின்ர பாஸ்வேர்ட் மாதிரி). சில டொங்கிள்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. சீடியை வெளியே தள்ளுகிற 'இஜெக்ட்' கட்டளையைக் கொடுத்தாலே எழும்பிவிடும். இல்லாத சீடியை வெளியே எடுக்கச் சொன்னதும் வேஷம் கலைகிறது.

டீட்சே தனியாளாக உலகத்து டொங்கிள் எல்லாவற்றையும் வாங்கியிருக்க முடியாது. வெவ்வேறு நாடுகளில் டொங்கிள் வாங்கி ஏமாந்தவர்கள் தாங்களே ஒட்டுக்கேட்டு, கிடைத்ததை அனுப்பினார்கள். ஒவ்வொரு மொடலுக்கும் ஒரு பதிவு, அப்படியே ஒரு பெரிய தரவுத்தளம் வளர்ந்தது. சம்பளம் இல்லாத வேலை.

எழும்பின மொடெமோடு பேசுவது இன்னொரு பழைய கதை. 3ஜி என்று பெயர் இருந்தாலும் அதற்குள் கிடந்தது 1981 இன் மொழி. டென்னிஸ் ஹேய்ஸின் ஸ்மார்ட்மொடெம் அந்த வருடம் வந்தபோது, ஏ, டி என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும் கட்டளைகளோடு வந்தது. 'அட்டென்ஷன்' என்பதன் சுருக்கம். அதே கட்டளைகளைத்தான் டொங்கிளும் கேட்டது. தொடர்பெடுக்க நாங்கள் டயல் செய்த இலக்கம் *99#. அந்த டயல் கட்டளையில் வருகிற கடைசி எழுத்து, பட்டன் தொலைபேசியின் 'டோன்' ஒலியைக் குறிக்கும். ஒலியே எழுப்பாத கருவிக்கு ஒலி எழுப்பி டயல் செய் என்று கட்டளை! லினக்ஸில் மொடெமின் பெயரும் டிடிவை யூஎஸ்பி0. டிடிவை என்றால் டெலிடைப், தந்தி காலத்துத் தட்டச்சுப் பொறி.

கேர்னலுக்குள் இந்த மொடெம்களுக்கான ட்ரைவரை 2005 இல் மத்தியாஸ் ஊர்லிக்ஸ் எழுதினார். முதலில் ஒப்ஷன் நிறுவனத்தின் கார்டுகளுக்காக எழுதியதால் அதன் பெயரே 'ஒப்ஷன்'. பிறகு எத்தனையோ கொம்பனிகளின் மொடெம்கள் அதற்குள் வந்து சேர்ந்தன, பெயர் மாறவில்லை. சாதாரண சீரியல் ட்ரைவரில் இந்த வேகத்துக்குத் தரவு சிந்திப்போகிறது என்பதே அதை எழுதக் காரணம்.

டயல் செய்ய டபிள்யூவிடயல் இருந்தது. தொலைபேசி வயர் காலத்துக்காகக் கனடாவில் எழுதப்பட்டது. ஒரு கோப்பில் நாலைந்து வரி எழுதவேண்டும். சிம்முக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தேவைப்படாவிட்டாலும் வெறுமையாக விட்டால் அது ஓடாது. ஆகவே ஆக்கள் வாய்க்கு வந்ததை எழுதினார்கள். இன்னொரு வரி 'ஸ்டுப்பிட் மோட்'. மறுபக்கம் என்ன கேட்கிறது என்று ஆராயாமல் உடனே தொடர்பைத் தொடங்கு என்று அர்த்தம். டொங்கிளுக்கு அதை 1 என்று வைக்கச் சொல்லித்தான் குறிப்புகளில் இருக்கும். முட்டாளாக இருந்தால்தான் வேலை நடக்கும்.

2008 ஒக்டோபரில் உபுண்டு 8.10 வந்தபோது நெட்வேர்க் மனேஜர் 3ஜி மொடெமை நேரடியாகக் கையாளத் தொடங்கியிருந்தது. அதன் பின்னால் பெரும்பங்கு ரெட்ஹட்டில் வேலை செய்த டேன் வில்லியம்ஸுடையது. இந்தப் பகுதியில் எனக்குப் பிடித்தது வேறொரு சின்ன விசயம். ஒவ்வொரு நாட்டிலும் எந்தக் கொம்பனிக்கு எந்த ஏபிஎன் என்று பட்டியலிடும் ஒரே ஒரு கோப்பு. நாடு தெரிவு செய், கொம்பனி தெரிவு செய், முடிந்தது. அதில் இலங்கையும் இருக்கிறது. உரிமை கோராமல் பொதுவில் விட்ட கோப்பு அது. "டயலொக்பிபி" என்று எழுத்துக்கூட்டி அடிக்கிற வேலை அதோடு போனது.

ஆனால் அந்த அழகான ஜன்னல் வேலை செய்ய முதல் மொடெம் எழும்ப வேண்டும். அதை எங்கே செய்வது என்பதில் இரண்டு வழி இருந்தது. ஈ220 இன் எழுப்புச் செய்தியைக் கேர்னலுக்குள்ளேயே போட்டிருந்தார்கள். பிறகு ஹுவாவியின் பொறியியலாளர் ஒருவரே தங்கள் மொடெம்களின் நீண்ட இலக்கப் பட்டியலைக் கேர்னலுக்கு அனுப்பினார். கொம்பனி கடைசியில் கதவைத் திறந்தது என்று இதைச் சொல்லலாம். எனக்கென்னவோ, வாடிக்கையாளர்கள் கதவை ஏற்கெனவே கழற்றிவிட்ட பிறகு சாவி கொண்டுவந்து குடுத்த மாதிரித்தான் தெரியுது. ஒவ்வொரு புது மொடலுக்கும் கேர்னலை மாற்ற முடியாது என்பதும் சீக்கிரம் விளங்கியது. புதுக் கேர்னல் கிராமத்துக் கணினிக்கு வந்துசேர மாதங்கள் எடுக்கும். ஒரு தரவுத்தளக் கோப்பை மாற்ற ஐந்து நிமிடம் போதும். இனி மோட் மாற்றுவதற்காக மட்டும் புதிய கருவிகளை இங்கே சேர்க்க வேண்டாம், அதைவிட நல்ல வழி வெளியில் இருக்கிறது என்ற குறிப்பு கேர்னலின் மூலநிரலிலேயே ஏறியது. சேர்க்கவேண்டிய இடமாக அது காட்டுவது டீட்சேயின் தனிப்பட்ட இணையத்தள முகவரியை.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. 2012 இல் கேர்னல் 3.4 உடன் பியோர்ன் மோர்க்கின் கியூஎம்ஐ ட்ரைவர் வந்தது. டயல் செய்கிற பழக்கம் மெல்ல மறைந்தது. ஹுவாவியின் ஹைலிங்க் டொங்கிள்கள் தாங்களே குட்டி ரவுட்டர் மாதிரி நடந்தன. பிரவுசரில் 192.168.8.1 என்று அடித்தால் அமைப்புப் பக்கம் வரும், ட்ரைவர் பிரச்சினையே இல்லை. ஆனால் அவற்றிலும் கனக்க முதலில் சீடி வேஷத்தில்தான் வரும்.

மேசை லாச்சிக்குள்ள பழைய டொங்கிள் ஏதாவது கிடந்தா எடுத்து ஒரு லினக்ஸ் கணினியில செருகிப் பாருங்கோ. டேர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி என்று அடியுங்கோ. ஈ1550 மாதிரி ஒன்று என்றால் முதலில் 1446 என்ற இலக்கம் தெரியலாம். ஒன்றிரண்டு விநாடி விட்டு மறுபடி அடித்தால் அது 1001 ஆகியிருக்கும்.