யானையும் அங்குசமும்: அமெரிக்க ராணுவம் பிஸ்டல் மாற்றிய கதை

யானையை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசித்தானாம் என்று கஞ்சத்தனத்தைக் கேலி செய்வார்கள். ஆனால் உலகத்திலேயே பெரிய ராணுவம் ஒன்று, அங்குசத்தின் விலையைப் பார்த்துத்தான் எந்த யானை என்றே முடிவு செய்தது. அதுவும் ஒருமுறை அல்ல, இரண்டு முறை. முதல் முறை அந்தக் கணக்கில் தோற்ற கம்பெனி, 32 வருடம் கழித்து கிட்டத்தட்ட அதே கணக்கில் ஜெயித்தது. அமெரிக்க ராணுவம் கோல்ட் பிஸ்டலை விட்டு பெரெட்டாவுக்கும், பெரெட்டாவை விட்டு சிக் சாவருக்கும் மாறிய கதை இது.

கதைக்குப் போகும் முன் ஒரு சின்ன விளக்கம். செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் என்றால், விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு. சுட்ட வேகத்திலேயே மேலே உள்ள ஸ்லைடு என்ற இரும்புப் பகுதி பின்னால் போய், காலித் தோட்டாவை வெளியே தள்ளிவிட்டு, முன்னால் வரும்போது அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். தோட்டாக்கள் இருப்பது கைப்பிடிக்குள் செருகும் மேகசினில். ஸ்லைடு, மேகசின் இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே பின்னால் வில்லனாக வரப்போகின்றன.

தாத்தா காலத்துப் பிஸ்டல்

1899 முதல் பிலிப்பைன்ஸில் நடந்த சண்டைகளில் அமெரிக்க வீரர்களிடம் இருந்தது .38 ரிவால்வர். சுட்டும் எதிரி நிற்கவில்லை, மேலே பாய்ந்து வருகிறான் என்று புகார்கள் வந்தன. இன்னும் கனமான குண்டு வேண்டும் என்று ராணுவம் முடிவு செய்தது. ஜான் பிரவுனிங் என்ற மேதை வடிவமைத்த .45 பிஸ்டலை கோல்ட் கம்பெனி போட்டிக்குக் கொண்டுவந்தது. எதிரில் சாவேஜ் கம்பெனி.

1911 மார்ச்சில் கடைசிச் சோதனை. ஒவ்வொரு துப்பாக்கியும் 6000 குண்டு சுட வேண்டும். சுட்டுச் சுட்டு கொதித்துப் போனால் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். சாவேஜ் 37 முறை மக்கர் செய்தது. கோல்ட் ஒருமுறை கூடச் செய்யவில்லை. அதே மாதம் 29-ம் தேதி அது அமெரிக்க ராணுவத்தின் பிஸ்டல் ஆனது. பெயர் எம்1911. தெளிவான போட்டி, தெளிவான வெற்றி. இந்தக் கதையில் அப்படி நடந்தது அந்த ஒருமுறைதான்.

இரண்டாம் உலகப்போரில் கோல்ட் மட்டும் செய்து கட்டுப்படி ஆகவில்லை. டைப்ரைட்டர் செய்த ரெமிங்டன் ராண்ட் கூட இதைச் செய்தது. நம் வீடுகளில் தையல் மெஷினாகத் தெரிந்த சிங்கர் கம்பெனியும் 500 பிஸ்டல் செய்து கொடுத்தது. போர் முடிந்தபோது ராணுவத்திடம் அவ்வளவு பிஸ்டல் குவிந்திருந்ததால், 1945-க்குப் பிறகு புதிதாக வாங்கவே இல்லை. கொரியாவிலும் வியட்நாமிலும் அதே பழைய பிஸ்டல்கள்தான். பாகங்களை மாற்றி மாற்றி ஓட்டினார்கள்.

மாறியே ஆக வேண்டிய கட்டாயம்

1970-களின் கடைசியில் அமெரிக்கப் பாராளுமன்றக் குழு ஒன்று கணக்கு எடுத்துப் பார்த்து அதிர்ந்தது. படைகளின் கிடங்குகளில் 25 வகைக்கு மேல் கைத்துப்பாக்கிகள், 100 வகைக்கு மேல் அவற்றுக்கான தோட்டாக்கள்! ஒவ்வொன்றுக்கும் தனி உதிரி பாகம், தனி ஸ்டாக், தனிப் பயிற்சி. இன்வென்டரி பாடம் படித்தவர்களுக்கு இதன் வலி புரியும்.

இன்னொரு பக்கம் நேட்டோ நட்பு நாடுகள் 9 மி.மீ. தோட்டாவைப் பொதுவாக வைத்திருந்தன. போர் என்று வந்தால் ஒரு நாட்டுத் தோட்டா இன்னொரு நாட்டுத் துப்பாக்கியில் போக வேண்டும். ஆக முதலில் மாறியது பிராண்ட் இல்லை, தோட்டா. தோட்டா மாறினால் துப்பாக்கி மாறித்தானே ஆக வேண்டும்? எம்1911-ன் மேகசினில் 7 தோட்டா. புதிய 9 மி.மீ. பிஸ்டல்களில் 15. அதுவும் ஒரு கவர்ச்சி.

1979-80-ல் விமானப்படை சோதனை நடத்தியது. இத்தாலியின் பெரெட்டா ஜெயித்தது. சோதனை செய்த முறையே சரியில்லை என்றது தரைப்படை. அது மறுபடி நடத்திய சோதனையில் எதுவுமே தேறவில்லை. 1984-ல் மூன்றாவது முறை. எட்டு கம்பெனிகள் வந்தன. கடைசியில் தேறியவை இரண்டே இரண்டு. பெரெட்டா 92எஃப், சிக் சாவர் பி226.

இரண்டு டாலர் வித்தியாசம்

இரண்டுமே பாஸ். இனி விலைதான். பிஸ்டலுக்கு மட்டும் பார்த்தால் சிக் கேட்டது சுமார் 176 டாலர், பெரெட்டா சுமார் 178 டாலர். சிக்தானே ஜெயிக்க வேண்டும்?

இல்லை. ராணுவம் கேட்டது வெறும் பிஸ்டல் விலை அல்ல. மேகசின்கள், உதிரி பாகங்கள் எல்லாம் சேர்ந்த மொத்த விலை. அங்கே பெரெட்டா குறைவு. 1985 ஜனவரி 14 அன்று பெரெட்டாவின் பெயர் அறிவிக்கப்பட்டது. சுமார் 3 லட்சத்து 16 ஆயிரம் பிஸ்டல்கள், சுமார் 7.5 கோடி டாலர். புதிய பெயர் எம்9.

ஒரு சின்ன பெருக்கல் போட்டுப் பாருங்கள். 3,16,000-ஐ 178-ஆல் பெருக்கினால் சுமார் 5.6 கோடிதான் வருகிறது. மீதி, அதாவது மொத்தத்தில் கால் பங்கு, பிஸ்டலே இல்லாத மற்றவற்றுக்கு. யானை வியாபாரத்தில் அங்குசம் தோற்கடித்தது இப்படித்தான்.

பெரெட்டா சாதாரணக் கம்பெனி இல்லை. 1526-ல் வெனிஸ் அரசின் ஆயுதக் கிடங்குக்கு 185 துப்பாக்கிக் குழாய்கள் செய்து கொடுத்த குடும்பம். பாபர் பானிப்பட்டில் ஜெயித்த அதே வருடம்! இருந்தாலும் அமெரிக்காவில் கொந்தளிப்பு. 74 வருடம் இருந்த அமெரிக்கப் பிஸ்டலை எடுத்துவிட்டு இத்தாலிப் பிஸ்டலா? தொழிற்சாலையை அமெரிக்காவிலேயே அமைக்க வேண்டும் என்பது நிபந்தனையில் இருந்ததால், மேரிலாந்தில் பெரெட்டா தயாரிப்பைத் தொடங்கியது. கோபம் அப்போதும் அடங்கவில்லை. வெளியேற்றப்பட்ட அமெரிக்கக் கம்பெனி ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வழக்குப் போட்டது. பாராளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமும் விசாரித்து, ஊசி பலத்தை அளக்கும் சோதனையில் அலகு மாற்றிய கணக்கில் நடந்த பிசகால் அந்தக் கம்பெனிக்கு அநியாயம் நடந்திருக்கிறது என்றது. ஆனாலும் ஒப்பந்தம் நின்றது.

முகத்தில் பறந்த ஸ்லைடு

அதற்குப் பிறகுதான் நிஜச் சோதனை. கடற்படையின் சீல் அதிரடிப்படையினர் பெரெட்டாவைக் கணக்கில்லாமல் சுட்டுப் பயிற்சி எடுப்பவர்கள். 1987 வாக்கில் சிலருடைய பிஸ்டலில் ஸ்லைடு இரண்டாக உடைந்து, பின்பாதி பறந்து சுட்டவர் முகத்திலேயே அடித்தது. தரைப்படை தன் சோதனைக்கூடத்தில் விடாமல் சுட்டுப் பார்த்தபோது அங்கேயும் ஸ்லைடுகள் உடைந்தன. 1988-ல் தணிக்கை அலுவலகம் கொடுத்த அறிக்கையில் 14 ஸ்லைடு முறிவுகள் கணக்கில் வந்தன.

அளவுக்கு மீறிய அழுத்தமுள்ள தோட்டாவைப் போட்டால் உடையாமல் என்ன செய்யும் என்றது பெரெட்டா. உலோகம் சரியில்லை என்றார்கள் மறுபக்கம். வாதம் ஒருபுறம் இருக்க, பெரெட்டா ஒரு எளிமையான வேலை செய்தது. சுத்தியல் ஊசியின் தலையைப் பெரிதாக்கி, ஸ்லைடு உடைந்தாலும் பின்னால் பறக்காமல் பிடித்துக்கொள்ளும்படி மாற்றியது. அதோடு முகத்தில் அடிபடும் பயம் போனது.

ஆனால் சீல் வீரர்களின் நம்பிக்கை திரும்பவில்லை. இத்தாலி இரும்பைத் தின்று பார்க்காதவன் சீல் வீரனே இல்லை என்று தங்களுக்குள்ளே கிண்டல் செய்துகொண்டார்கள். கடைசியில் அவர்கள் வாங்கிக்கொண்டது எது தெரியுமா? 1985-ல் விலையில் தோற்ற அதே சிக் பி226. மொத்தமாக வாங்கும் தரைப்படைக்கு எட்டாத பிஸ்டல், சின்னதாக வாங்கும் படைக்கு எட்டியது.

நெருக்கடியால் 1988-ல் மறுபடி டெண்டர். ஜெயித்ததை ஏன் மறுபடி சோதிக்க வேண்டும் என்று பெரெட்டா பிஸ்டல் அனுப்ப மறுத்தது. ராணுவம் தன் கையிருப்பிலிருந்தே எடுத்துச் சோதித்தது. 1989-ல் மறுபடியும் பெரெட்டாவே ஜெயித்தது.

மலிவான மேகசின்

2003-ல் ஈராக். எங்கும் மாவு போன்ற மணல். எம்9 சிக்குகிறது, தோட்டா மேலே ஏறவில்லை என்று வீரர்களிடமிருந்து புகார்கள். பெயர் கெட்டது பெரெட்டாவுக்கு. ஆனால் தோண்டிப் பார்த்தால் பெரிய குற்றவாளி மேகசின். ராணுவம் பின்னாளில் மேகசின்களை வேறொரு கம்பெனியிடம் தனியாக வாங்கியது. அரசு எழுதிக் கொடுத்த விவரக்குறிப்பின்படியே உள்ளும் புறமும் சொரசொரப்பான பாஸ்பேட் பூச்சு. அந்தச் சொரசொரப்பில் மணல் ஒட்டிக்கொண்டது. ஸ்பிரிங் தள்ளினாலும் தோட்டா நகரவில்லை. பிறகு வழவழப்பான பூச்சுக்கு மாறிய பின்தான் நிலைமை சீரானது.

அலுவலகத்தில் இருப்பவருக்கு மேகசின் ஒரு உதிரி பாகம். மணலில் நிற்பவனுக்கு அதுதான் துப்பாக்கி. பிஸ்டலை எடுக்கும் நிலைமை வந்துவிட்டது என்றால் ரைபிள் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் பிராண்ட் பெயர் காப்பாற்றாது. ஒரு ஸ்பிரிங்கும் ஒரு பூச்சும் காப்பாற்ற வேண்டும்.

மறுபடி ஒரு மாற்றம்

30 வருடத்தில் எம்9-கள் தேய்ந்தன. கைப்பிடி தடிமன், சின்னக் கை உள்ளவர்களுக்குச் சிரமம் என்ற குறையும் இருந்தது. எம்9ஏ3 என்ற மேம்பட்ட வடிவத்தைப் பெரெட்டா முன்வைத்தது. இதற்கு மாறினால் பழைய பாகங்களில் பலவும் பழைய பயிற்சியும் வீணாகாது என்பது அதன் வாதம். மாறுவதற்கும் ஒரு செலவு உண்டு என்பதை நினைவூட்டும் வாதம். ராணுவம் ஏற்கவில்லை. 2015 ஆகஸ்டில் புதிய டெண்டர் விட்டது.

டெண்டர் ஆவணமே 350 பக்கத்துக்கு மேல். சோதனைக்கு மட்டும் இரண்டு வருடம், 1.7 கோடி டாலர். தரைப்படைத் தளபதி மார்க் மில்லியே 2016-ல் பொறுமை இழந்தார். அந்தப் பணத்தைத் தன் கையில் கொடுத்தால் கடைக்குப் போய் மொத்த விலையில் எல்லோருக்கும் வாங்கித் தந்துவிடுவேன் என்று பகிரங்கமாகவே சொன்னார்!

2017 ஜனவரி 19. வெற்றி சிக் சாவர் பி320-க்கு. உச்சவரம்பு 58 கோடி டாலர். சுவிஸ், ஜெர்மன் கம்பெனிகளின் கூட்டில் பிறந்த பிராண்ட், இப்போது நியூ ஹாம்ப்ஷைர் தொழிற்சாலையிலிருந்து ஜெயித்தது. இதன் கைப்பிடியைக் கழற்றி வேறு அளவு மாட்டிக்கொள்ளலாம். எம்17 என்றும், சின்ன வடிவம் எம்18 என்றும் பெயர் வைத்தார்கள்.

தோற்ற க்ளாக் கம்பெனி முறையிட்டது. தங்கள் பிஸ்டலை முழுதாகச் சோதிக்காமலே முடிவெடுத்துவிட்டார்கள் என்பது அதன் குற்றச்சாட்டு. 2017 ஜூனில் தணிக்கை அலுவலகம் அதைத் தள்ளுபடி செய்தபோதுதான் எண்கள் வெளியே வந்தன. சிக்கின் மொத்த விலை சுமார் 17 கோடி டாலர். க்ளாக் சுமார் 27 கோடி. வித்தியாசம் 10 கோடிக்கு மேல். 1985-ல் மொத்த விலையில் தோற்ற பெயர், 2017-ல் மொத்த விலையில் ஜெயித்தது.

கதை அதோடு முடிந்ததா? இல்லை. அதே ஆகஸ்டில், பொதுமக்களுக்கு விற்ற பி320 சில கோணங்களில் கீழே விழுந்தால் தானே வெடிக்கலாம் என்று தெரியவந்து, கம்பெனி இலவசமாக மாற்றித் தர வேண்டியதாயிற்று. ராணுவம் தன் சோதனையில் இதை முன்பே கண்டுபிடித்து, விசைப் பகுதியை மாற்றச் சொல்லியிருந்தது. கேலிக்கு ஆளான அந்த நீண்ட சோதனைக்கும் ஒரு பயன் இருந்தது!

கோல்ட் நல்லதா, பெரெட்டா நல்லதா, சிக் நல்லதா என்ற சண்டை துப்பாக்கிப் பிரியர்களிடம் ஓயாது. ஆனால் ராணுவம் வாங்கியது ஒருநாளும் வெறும் பிஸ்டலை அல்ல. தோட்டா, மேகசின், உதிரி பாகம், பயிற்சி எல்லாம் சேர்ந்த ஒரு மூட்டையை. மொத்தக் கணக்குப் பார்த்தது தப்பில்லை, அதுதான் சரியான கணக்கு. தப்பு நடந்தது, மூட்டைக்குள் இருந்த சின்னப் பொருளை விலையால் மட்டும் அளந்து, அது என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை மறந்தபோது.

அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாம். ஆனால் அது உடைந்தால் யானை மேல் உட்கார்ந்திருப்பவன் கதி என்ன என்றும் கணக்கில் சேர்க்க வேண்டும்.